கேள்விப் பெட்டியில் விழுந்த சீட்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடைசெய்த பிறகு, நம் நாட்டிலும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பலர் பேசியும் எழுதியும் வருகிறார்கள். பிள்ளைகளின் கையிலிருக்கும் கைபேசியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அதில் அவர்கள் பார்க்கும் ஆபாசப் படங்கள் ஆண் பெண் உறவைப் பற்றி அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கின்றன என்பதை மட்டும் வாய்விட்டுப் பேசத் தயங்குகிறோம். அதைப் பேசவே இக்கடிதம். சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில், இருபாலரும் படிக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பன்னிரண்டாம் வகுப்பில் மனித இனப்பெருக்கம் பாடம் தொடங்கும் வாரத்தில், ஓர் அட்டைப் பெட்டியின் மேல்பக்கத்தில் கீறல் போட்டு வகுப்பறைச் சன்னலோரம் வைத்துவிடுவது என் வழக்கம். பெயர் எழுதாமல் எவரும் எந்தச் சந்தேகத்தையும் சீட்டில் எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அவற்றுக்குப் பதில் சொல்வேன். 2008-இல் தொடங்கி 2023 வரை, பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்கள் நீங்கலாக, இது தொடர்ந்து நடந்தது. அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தொடக்க ஆண்டுகளின் சீட்டுகளில் பயமே மிகுதி. தூக்கத்தில் விந்து வெளியேறினால் உடம்பு இளைத்துவிடுமா, சுயஇன்பத்தால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகுமா, மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் செடி வாடுமா என்ற கேள்விகளே திரும்பத் திரும்ப வரும். இரவு பத்து மணிக்கு மேல் தொலைக்காட்சியில் தோன்றி, இளமையில் செய்த தவறுக்கு லேகியம் விற்ற வைத்தியர்கள் விதைத்த பயம் அது. அதைப் போக்குவது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. உடலியலை நேராகச் சொன்னால் போதும். மறு வாரம் அந்தப் பிள்ளைகளின் முகமே மாறியிருக்கும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆட்டை விற்றும், தோட்டை அடகு வைத்தும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கென்று கைபேசி வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் எங்கள் ஊரில் பல. அந்தப் பெற்றோர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. படிப்புக்கு வேறு வழி இல்லாத காலம் அது. ஆனால் பள்ளி மீண்டும் திறந்து, பெட்டியை மறுபடி சன்னலோரம் வைத்தபோது விழுந்த சீட்டுகளைப் படித்துவிட்டு, முதன்முறையாக நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

பையன்களின் சீட்டுகளில் பழைய பயத்தின் இடத்தில் ஒப்பீடு வந்து உட்கார்ந்திருந்தது. தங்கள் உடம்பின் அளவையும், படத்தில் கண்ட நேரக் கணக்கையும் வைத்துத் தாங்கள் எதற்கும் உதவாதவர்கள் என்று 17 வயதிலேயே முடிவு கட்டியிருந்தார்கள். அதைவிட என்னை உலுக்கியது வேறு வகைச் சீட்டு. "பொண்ணுங்க முதல்ல வேண்டாம்னுதான் சொல்வாங்க, அப்புறம் அவங்களுக்கே பிடிச்சிடும், அப்படித்தானே டீச்சர்?" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதில் குறும்பு இல்லை. குண்டு குண்டான எழுத்தில், ஒற்றுப்பிழை இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டி எழுதிய கேள்வி. மற்றொரு சீட்டு, ஒரு பெண்பிள்ளையுடையது என்று வாசகத்திலேயே தெரிந்தது: "கல்யாணத்துக்கு அப்புறம் வலிச்சா சொல்லக் கூடாதா டீச்சர்? வீடியோவில யாரும் சொல்றதே இல்ல."

இந்த இரண்டு சீட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அவனுக்கும் அவளுக்கும் இதில் பாடம் நடத்தியது ஒரே ஆசிரியர்தான், அந்த ஆபாசப் படம். மறுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது அவனுக்குக் கிடைத்த பாடம். வலியை வெளிக்காட்டக் கூடாது என்பது அவளுக்குக் கிடைத்த பாடம்.

ஆபாசப் படம் இளையோரிடம் காம எண்ணத்தைத் தூண்டிவிடுகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. காம எண்ணம் அந்த வயதுக்கு இயற்கையானது. அதைத் தூண்டிவிட எந்தப் படமும் தேவையில்லை. என் அச்சமெல்லாம் அந்தப் படங்களில் இல்லாதவற்றைப் பற்றியது. ஒருவர் மற்றவரிடம் கேட்பதும், இன்று வேண்டாம் என்று சொல்வதும், அப்படிச் சொன்னதைக் கேட்டு மற்றவர் வருத்தமின்றி விலகிப் படுப்பதும் அவற்றில் இல்லை. ஆணுறை பெரும்பாலும் இல்லை. கருத்தரிப்பும் நோயும் பற்றிய கவலை இல்லை. கூச்சமும், சிரிப்பும், தடுமாற்றமும், நாளெல்லாம் வேலை செய்த களைப்பும், அடுத்த அறையில் இருமும் மாமியாரும் இல்லை. நடிப்பவர்களுக்குக் கூலி உண்டு என்பதும், இடையில் படப்பிடிப்பு நின்று நின்று தொடர்ந்தது என்பதும், பிடிக்காதவை வெட்டி ஒட்டப்பட்டன என்பதும் பார்க்கும் பிள்ளைக்குத் தெரிவதில்லை. சண்டைக் காட்சியில் கதாநாயகன் பத்துப் பேரை அடிப்பது பொய் என்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும், ஏனென்றால் தெருவில் நடக்கும் உண்மைச் சண்டையை அது பார்த்திருக்கிறது. இந்த விஷயத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதின்வயதுப் பிள்ளையிடம் உண்மை என்று எதுவும் இல்லை. பார்த்தது மட்டுமே இருக்கிறது.

என் பள்ளியில் மட்டும் கண்டதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் ரேச்சல் டிசோசா 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கைக்காக, 16 முதல் 21 வயது வரையிலான 1,000 பேரிடம் கேட்டறிந்தார்கள். ஆபாசப் படத்தை அவர்கள் முதன்முதலில் பார்த்த சராசரி வயது 13; பத்தில் ஒருவர் 9 வயதுக்குள்ளாகவே பார்த்திருந்தார். 18 வயதாகும் முன்பே வன்முறை கலந்த ஆபாசத்தைக் கண்டவர்கள் 79 விழுக்காட்டினர். பாலுறவில் முரட்டுத்தனத்தைப் பெண்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று சொன்னவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். கழுத்தை நெரிக்கும் காட்சிகள் அந்நாட்டில் எவ்வளவு பரவியிருந்தன என்றால், அவற்றைச் சட்டவிரோதமாக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் அந்நாட்டு மேலவை உறுப்பினர் கேபி பெர்ட்டின் அளித்த ஆய்வறிக்கை பரிந்துரைக்க, அதே ஆண்டு ஜூனில் அரசு அதை ஏற்றது. அமெரிக்காவில் 13 முதல் 17 வயதினரிடம் காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு நடத்திய ஆய்வில், ஆபாசப் படம் பார்த்ததாகச் சொன்னவர்கள் 73 விழுக்காட்டினர்.

படம் பார்த்ததால்தான் எண்ணம் இப்படி ஆனதா, அல்லது இப்படிப்பட்ட எண்ணமுள்ளவர்கள் அதிகமாகப் பார்க்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் யோஹன் பீட்டரும் பட்டி வால்கன்பர்க்கும் 1995 முதல் 2015 வரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆபாசப் படம் பார்ப்பதற்கும் ஆண் ஆதிக்கம் செலுத்துபவன், பெண் இணங்குபவள் என்ற எண்ணம் வலுப்படுவதற்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். ஆனால் எது காரணம், எது விளைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதினார்கள். அந்த எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் கெட்டுப்போனார்கள் என்று சொல்வது என் மாணவர்களுக்கு நான் செய்யும் அநியாயம். பெரும்பாலோர் நல்ல பிள்ளைகள்; கேட்க ஆள் கிடைத்தபோது கேட்டார்கள்.

நம் நாட்டில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. கிராமப்புற இளையோரிடம் நடத்தப்பட்ட 2023-ஆம் ஆண்டின் அசர் (ASER) கல்வி நிலை ஆய்வில், 14 முதல் 18 வயதினரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், தனக்கென்று சொந்தமாக வைத்திருந்த பையன்கள் 43.7 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 19.8 விழுக்காடு. எங்கள் ஊர் நிலைமையும் இதுதான். அவனுடைய கைபேசி அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அவளுடையது அப்பாவின் கைபேசி, அண்ணனின் கைபேசி. ஆகவே அவன் தனியாகவும் நேராகவும் கற்கிறான், அவள் பெரும்பாலும் அவன் வழியாகக் கற்கிறாள். படம் சொன்னதை அவன் அவளிடம் எதிர்பார்க்கும்போது, அதை மறுத்துப் பேசுவதற்கான சொல்கூட அவளிடம் இருப்பதில்லை. பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் ஒருநாள் அவள் காதலிப்பாள் என்று நாற்பது ஆண்டுகளாக நம் சினிமா சொல்லிவந்ததும் இதற்கு உரம் போட்டிருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தடை பயனற்றது என்று நான் வாதிட வரவில்லை. 2015-இல் மத்திய அரசு 857 தளங்களை முடக்கிப் பின்னர் தளர்த்தியது. 2018-இல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்ற ஆணையை அடுத்து 827 தளங்கள் முடக்கப்பட்டன. எட்டு வயதுக் குழந்தை தற்செயலாக இவற்றில் போய் விழாமல் இருக்க இது உதவும் என்றே நினைக்கிறேன். ஆனால் என் மாணவர்களுக்குப் படங்கள் பெரும்பாலும் தளங்களிலிருந்து வரவில்லை. வாட்ஸ்அப் குழுவிலும் டெலிகிராமிலும், நண்பன் அனுப்பியதாக வந்தன. என் காலத்துப் பையன்கள் பிட்டுப் படம் பார்க்க வேண்டுமானால் பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு, தெரிந்தவர் கண்ணில் படாமல், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது அது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தேடி அவன் படுக்கைக்கே வருகிறது. பூட்டு வேண்டும்தான், பூட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதைப் பற்றிப் பேசவும் ஒருவர் வேண்டும்.

அப்படிப் பேச வேண்டிய பள்ளி என்ன செய்கிறது? பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கம் ஒரு பாடம். தாவரங்களின் இனப்பெருக்கத்தில் தொடங்கி மனித இனப்பெருக்கத்துக்கு வந்து முடிகிறது. விரிவான பாடம் பன்னிரண்டாம் வகுப்பில்தான், அதுவும் உயிரியல் எடுத்தவர்களுக்கு மட்டும். வணிகவியல் பிரிவிலும் தொழிற்பிரிவிலும் படிப்பவர்களுக்கு, கணினி அறிவியல் எடுத்துக் கணிதம் படிப்பவர்களுக்கு, பத்தாம் வகுப்போடு கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. உயிரியல் படித்தவர்களுக்கும் உறுப்புகளின் பெயரும் ஹார்மோன்களின் வேலையும் தெரியுமே தவிர, ஒருவர் சம்மதத்தை எப்படிக் கேட்பது, எப்படி மறுப்பது, மறுக்கப்பட்டால் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வரி கிடையாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருக்குறளைப் பள்ளிப் பாடத்தில் விரிவாகச் சேர்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016-இல் ஆணையிட்டபோது, அறத்துப்பாலும் பொருட்பாலும் பாடத்துக்கு வந்தன. இன்பத்துப்பால் வெளியே நின்றது. குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71-ஆம் அதிகாரம், மன்னனின் முகம் பார்த்து அவன் மனத்தை அமைச்சன் அறிவது பற்றியது. 110-ஆம் அதிகாரம், காதலியின் பார்வையைக் கொண்டு அவள் மனத்தைக் காதலன் அறிவது பற்றியது. அதிகாரத்தில் இருப்பவரின் குறிப்பை அறியும் பாடத்தை நம் பிள்ளைகளுக்குப் பொருத்தமானது என்று கருதினோம். அன்புக்குரியவளின் குறிப்பை அறியும் பாடத்தைக் கூச்சத்தால் மூடி வைத்தோம். இதைப் பேசுவது மேற்கத்தியப் பழக்கம் என்பவர்கள் அந்த 25 அதிகாரங்களையும் ஒருமுறை பொறுமையாகப் படிக்கட்டும்; காத்திருப்பதும், ஊடுவதும், தணிவதும், மற்றவர் மனம் அறிந்து நெருங்குவதுமே அவற்றில் நிறைந்திருக்கின்றன.

பேசாமல் விடுவதன் விலையைச் சட்டம் வழியாகவும் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். குழந்தைகள் இடம்பெறும் ஆபாசப் படத்தைப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்ததும், அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ததும் செய்தித்தாள் படிக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு முழுமையான பாலியல் கல்வியின் தேவையையும் வலியுறுத்தி, ஜார்க்கண்ட் மாநிலத்தின் 'உடான்' திட்டத்தை நல்ல முன்மாதிரியாகச் சுட்டியது; அந்தப் பகுதி இங்கே போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். 18 வயது நிரம்பாத வகுப்புத் தோழியின் அந்தரங்கப் படத்தை நான்கு பேருக்கு அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்கீழ்க் கடும் குற்றம் என்று என் மாணவர்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது அவளுக்குச் செய்யும் கொடுமை என்பதும் சிலருக்குத் தோன்றவில்லை. முன்பின் தெரியாத பெண்களின் உடலை நாள்தோறும் கைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தெரிந்த பெண்ணின் படமும் அப்படியொன்றாகவே ஆகிவிடுகிறது.

ஒரு தாய் என்னைத் தேடி வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். அவர் நூற்பாலைத் தொழிலாளி. மகனின் கைபேசியில் என்ன இருந்தது என்பதைப் பார்த்துவிட்டு, கணவரிடம் சொன்னதும் அவர் பெல்ட்டைக் கழற்றி அடித்திருக்கிறார், கைபேசியும் உடைந்தது. மூன்று நாள்களாக மகன் சாப்பிடாமலும் பள்ளிக்கு வராமலும் சுருண்டு கிடந்தான். "நான் எதைத் தப்பா வளர்த்தேன் டீச்சர்?" என்று கேட்டு அழுதார். அவர் எதையும் தவறாக வளர்க்கவில்லை. அவனோடு நீங்கள் ஒரு வார்த்தை பேசினீர்களா என்று கேட்டேன். இதைப் போய் எப்படிப் பேசுவது என்று திகைத்தார். நீ பார்த்தது தெரியும், உன் வயதில் ஆர்வம் வருவது தப்பில்லை, ஆனால் அதில் காட்டுவது உண்மை இல்லை, யாரையும் வலிக்க வைப்பது ஆண்மை இல்லை, சந்தேகம் இருந்தால் கேள், எனக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துப் போகிறேன் என்று அவனிடம் சொல்லச் சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை மனப்பாடம் செய்துகொண்டே போனதாகப் பிறகு சொன்னார். அன்றிரவு சொல்லியும்விட்டார். மகன் பதில் ஒன்றும் பேசவில்லையாம்; எழுந்து வந்து சோறு மட்டும் சாப்பிட்டானாம்.

2023-இல் என் பெட்டி எடுக்கப்பட்டது. ஆசிரியை வகுப்பில் அசிங்கம் பேசுகிறார் என்று ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார்; விசாரிக்க வந்த அலுவலர் சீட்டுகளில் ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்காமல், பாடநூலில் உள்ளதை மட்டும் நடத்துமாறு வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சம் உலகெங்கும் உண்டு. யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகள் பல நாட்டு ஆய்வுகளை அலசி, பாலியல் கல்வி பிள்ளைகள் பாலுறவில் ஈடுபடுவதைக் கூட்டுவதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. இங்கே அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் அந்த அச்சம் அப்படியே இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டபோது, ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாக்கி, 11 தலைப்புகளில் வாரந்தோறும் வகுப்பெடுக்க வகை செய்யப்பட்டது. பாலினச் சமத்துவமும் இணையப் பாதுகாப்பும் அந்தத் தலைப்புகளில் அடங்கும். நான் அறிந்த பள்ளிகளில் அந்தப் பாடவேளை கணிதத் தேர்வுக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பொதுச் சுகாதார ஆணையத்தின் இளையோர் திட்டம் ஒன்று, ஆபாசப் படத்தில் எது பொய், எது விடுபட்டது, யார் லாபம் பெறுகிறார்கள் என்று பதின்வயதினரோடு உட்கார்ந்து பேசும் வகுப்பையே நடத்தியிருக்கிறது. படம் எதையும் திரையிடாமல் நடக்கும் வகுப்பு அது. நம் ஆசிரியர்களால் முடியாத காரியம் அல்ல. பயிற்சியும், புகார் வந்தால் கைவிடமாட்டோம் என்று துறை கொடுக்கும் எழுத்துபூர்வ உறுதியும் வேண்டும்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாகியிருக்கிறது. பாடத்திட்டம் திருத்தப்படும்போது, சம்மதமும் மறுப்பும் பற்றிய பாடத்தை ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே, உயிரியலோடு கட்டிவைக்காமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சேர்க்க வேண்டும் என்று கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பாதிக்கப்பட்ட பிள்ளை அழைக்க 1098-உம் 14417-உம் இருக்கின்றன என்பதைப் பாடநூலின் பின்னட்டையில் அச்சிடுவதோடு, அழைத்தால் என்ன நடக்கும் என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். தெரியாத எண்ணை எந்தப் பிள்ளையும் நம்பி அழைக்காது.

பெட்டியை எடுத்த அன்று அதில் இருந்த ஒன்பது சீட்டுகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். சிலருக்குத் திருமணமும் ஆகிவிட்டது. வலித்தால் சொல்லக் கூடாதா என்று கேட்டவளின் கையெழுத்தைப் போலவே இருந்த ஒரு சீட்டும் அவற்றில் உண்டு.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.

(மாணவர்களின் நலன் கருதி என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)